புளி போட்டு விளக்கிய லென்ஸ்

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நம் காலத்தில் ஒருவர் ஆயுசு முழுவதும் எடுத்துக்கொண்ட போட்டோக்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். படம் எடுக்கிற நாளில் தலைக்குக் குளித்து, பவுடரை அப்பி, ஸ்டுடியோ நாற்காலியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருக்கிற மனிதர் எப்போது வெளியே வருவார் என்று கண் கொட்டாமல் பார்ப்போம். இப்போது என் தம்பி பேரன் சாப்பிடப் போகிற தோசையை நாலு பக்கமிருந்தும் படம் எடுக்கிறான். ஆறிப்போகிறதடா என்றால் காதில் விழுவதில்லை. போகட்டும், அவன் தோசை.

நான் சொல்ல வந்தது அந்தக் கறுப்புத் துணிக்குள் நின்ற ஒருவரைப் பற்றி. என் அத்தையின் வீட்டுக்காரர். எனக்கு மாமா. திண்டுக்கல்லில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அவர் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. போன சித்திரையில் அத்தையும் போய்ச் சேர்ந்தார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இதே ஊரில் தனியாக இருக்கிறவள் நான் ஒருத்திதான் என்பதால் வீட்டை ஒழித்துக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

பரணிலிருந்த பித்தளைச் சாமான்களை எல்லாம் இறக்கி, பழைய சாமான் வாங்குகிறவரை வரச் சொல்லியிருந்தேன். அண்டா, கூஜா, தாம்பாளம் என்று ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துக்கொண்டிருந்தவர் ஒரு குட்டையான பித்தளைக் குழாயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, உழக்கா? ரெண்டு பக்கமும் கண்ணாடி வச்சிருக்கு?"

அழுக்கேறி, களிம்பு பிடித்துப் பச்சையாக இருந்தது. ஆனாலும் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, மாமாவின் கேமரா லென்ஸ். ஸ்டுடியோவை மூடிய பிறகு மாமா அதை எங்கே வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. அத்தை எடுத்து, பித்தளைதானே என்று குடத்தோடு குடமாகப் போட்டு வைத்திருக்கிறார். தராசிலிருந்து அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். கேமராவும் கிடைத்தது. பின்கட்டில், விறகுக்குப் பின்னால், பாயில் சுருட்டி வைத்திருந்தார்கள். அதன் மூன்று கால்களில் ஒன்றைக் கரையான் தின்றிருந்தது.

எனக்கு ஒன்பது வயதில் அம்மா இரண்டாவது முறை கர்ப்பமானார். உடம்பு சரியில்லை, படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு நத்தத்தில் புளிக் கமிஷன் கடை. அவரால் அம்மாவைப் பார்ப்பதா, கடையைப் பார்ப்பதா, என்னைப் பார்ப்பதா? ஆவணி கடைசியில் ஒரு நாள் என்னையும் ஓர் ஓலைக் கொட்டான் புளியையும் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து தன் அக்கா வீட்டில் விட்டார். "ரெண்டே மாசம்" என்றார். அது ஆறு மாசமானது. முதலில் ஞாயிறுதோறும் வந்தார். பிறகு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு. அப்புறம் நான் வாசலில் நிற்பதை நிறுத்திவிட்டேன்.

அத்தை கெட்டவர் இல்லை. நேரத்துக்குச் சோறு போடுவார், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இரண்டு வகை இருக்கும், இழுத்துப் பின்னிவிடுவார். ஆனால் பேசமாட்டார். குழந்தைகளோடு என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை என்பது இப்போது புரிகிறது. அப்போது என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்தேன். பள்ளிக்கூடத்திலும் நடுவில் வந்து சேர்ந்தவள் என்பதால் கடைசிப் பெஞ்சு. யாரோடும் ஒட்டவில்லை. ஒரு நாள் முழுவதும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் படுக்கப் போன நாட்கள் உண்டு.

அதனால் பள்ளி விட்டதும் நேராக ஸ்டுடியோவுக்குப் போய்விடுவேன். கூரையில் ஒரு பக்கம் சரிவாகக் கண்ணாடி பதித்திருக்கும். சுவரில் ஏரியும் படிக்கட்டும் வரைந்த திரைச்சீலை. படம் கழுவுகிற டார்க் ரூமிலிருந்து ஹைப்போ மருந்து நாற்றம் வரும். அந்த நாற்றம் எனக்குப் பிடித்திருந்தது, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நடுவில் மூன்று காலில் கேமரா நிற்கும். துருத்தி வைத்த மரப்பெட்டி. அதன் முன்னால் அந்தப் பித்தளை லென்ஸ். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர், மாதா கோவில் திருவிழாவுக்கெல்லாம் மாமா படம் எடுத்துக் கொடுத்த அன்புக்காகக் கொடுத்துவிட்டுப் போனது. திண்டுக்கல்லில் வேறு யாரிடமும் அப்படி ஒரு லென்ஸ் கிடையாது என்று மாமா அடிக்கடி சொல்வார். பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவருக்கு அது ஒன்றுதான் இருந்தது. அதன் முன்பக்கக் கண்ணாடியை மான் தோலால் துடைப்பார். வேறு எதையும் தொடமாட்டார்.

அவரும் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் நான் அங்கே இருப்பது அவருக்கு இடைஞ்சலாக இல்லை. தனியாகக் கிடக்கிற பிள்ளைக்கு அது போதும்.

ஆயுத பூஜை வந்தது. முதல் நாள் அத்தை என்னைக் கிணற்றடியில் உட்காரவைத்து, நத்தத்துப் புளியில் ஓர் உருண்டையும் சாம்பலும் கொடுத்து, வீட்டுப் பித்தளை அத்தனையையும் முன்னால் குவித்தார். கை எரிய எரிய விளக்கினேன். அன்று சாயங்காலம் மாமா ஸ்டுடியோவைக் கழுவிவிட்டு, லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றி, பூஜைக்கு வைக்க வேண்டும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். குத்துவிளக்கெல்லாம் பளபளவென்று இருக்க, அது மட்டும் கறுத்துப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது.

மாமா குளிக்கப் போயிருந்தார். நான் அதை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கண்ணாடியில் படக்கூடாது என்கிற புத்தி இருந்தது. இரண்டு பக்கமும் ஈரத்துணியை வைத்துப் பொத்திக்கொண்டு புளி போட்டுத் தேய்த்தேன். பின்பக்கத்து வளையம் குங்குமச் சிமிழ் மூடி போலச் சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. உடைத்துவிட்டோமோ என்று பயம் வந்து திருப்பி முறுக்கினேன். கொஞ்சம் போய் இறுகிக்கொண்டது. இறுகிவிட்டதே, சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா குளித்துவிட்டு வந்து பார்த்தார். கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். பிறகு சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"ஏ தாயி! தங்கமாட்டம் மின்னுதே! அம்புட்டு அழுக்கையும் நீயா எடுத்த?"

அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினார். அத்தைகூட "கைக்காரிதான்" என்றார். பித்தளையில் சந்தனமும் குங்குமமும் வைத்து, செவ்வந்தி சாத்தி, நடுநாயகமாக அதை வைத்துத்தான் மறுநாள் பூஜை நடந்தது. அந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் சந்தோஷமாகத் தூங்கியது அன்றைக்குத்தான்.

பூஜை முடிந்ததும் அடைமழை பிடித்துக்கொண்டது. முதலில் கெட்டுப்போன படம் யாருடையது என்று நினைவில்லை. மாமா மழை வெளிச்சத்தைக் குறை சொன்னார். அடுத்தது கெட்டதும் பிலிமைக் குறை சொன்னார். பிறகு பேப்பரை மாற்றினார், மருந்தை மாற்றினார். மழை விட்டு நல்ல வெயில் அடித்த நாளிலும் படங்கள் மங்கலாகவே வந்தன. முகத்தைச் சுற்றி ஒரு வெளிச்சம் கசிந்து நிற்கும். மூக்கு எங்கே முடிந்து கன்னம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது.

கீரனூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் பெண்ணைக் கூட்டிவந்து, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொண்டு போனார். மறுவாரம் அதைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"ஏனுங்க, எம் புள்ளய என்ன சிறுமலை மூடுபனிக்குள்ளயா நிக்க வச்சீங்க? புருவமே தெரியலீங்களே. இதை அனுப்பினா புள்ளைக்கு மூஞ்சியில ஏதோ குறையின்னுல்ல நினைப்பாங்க?"

மாமா மறுபடி எடுத்துக் கொடுத்தார். அதுவும் மூடுபனிதான். அந்த மனிதர் சண்டை போடாமல் எழுந்து அடுத்த தெரு ஸ்டுடியோவுக்குப் போனார். சண்டை போட்டிருக்கலாம் என்று மாமா பிறகு சொன்னார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஒரு மத்தியானம், திரைச்சீலைக்கு முன்னால் ஒரு பூந்தொட்டியை வைத்துவிட்டு வெகுநேரம் துணிக்குள்ளேயே நின்றார். துருத்தியை முன்னால் தள்ளுகிறார், பின்னால் இழுக்கிறார். வெளியே வந்தபோது முகமெல்லாம் வேர்வை.

"தாயி, இங்கிட்டு வா."

ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை ஏற்றித் துணிக்குள் விட்டார். அதுவரை யாரையும் அந்தத் துணிக்குள் அவர் விட்டதில்லை. இருட்டில் கேமராவின் பின்பக்கத்துப் பால்கண்ணாடி ஒளிர்ந்தது. அதில் பூந்தொட்டி தலைகீழாகத் தொங்கியது. ஒவ்வொரு பூவைச் சுற்றியும் வெளிச்சம் பூத்திருந்தது. ஏரி, படிக்கட்டு எல்லாம் உருகி நின்றன. நான் வாழ்க்கையில் அத்தனை அழகான ஒன்றைப் பார்த்ததில்லை.

துணிக்கு வெளியிலிருந்து மாமா கேட்டார். "எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மாமா."

"அது சரி. தெளிவா இருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லு."

அதற்கு முன் நான் அதற்குள் பார்த்ததே இல்லை. அது எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கேமராவுக்குள் உலகம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதோடு, அவருக்குப் பிடித்த பதிலைச் சொல்ல வேண்டும் என்கிற ஆசையும் இருந்தது.

"தெளிவா இருக்கு மாமா."

நான் துணியை விலக்கிப் பார்த்தபோது நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு இரவு அத்தையிடம் சொன்னார், தனக்குப் பார்வை போகிறது என்று. அவருக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். பேப்பரைக் கொஞ்ச நாளாகக் கை நீட்டிப் பிடித்துத்தான் படித்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒத்துப்போனது. கண் டாக்டர் பார்த்துவிட்டு, "வெள்ளெழுத்துதான், கண்ணாடி போட்டாச் சரியாப் போகும்" என்றார். கண்ணாடி போட்டதும் பேப்பர் படிக்க முடிந்தது. ஆனால் பால்கண்ணாடியில் பூந்தொட்டி அப்படியே மங்கித் தொங்கியது. டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு கட்டினார். அத்தை, செத்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்த தோஷம் என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கண்ணேறு என்றார்கள். லென்ஸைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது வெள்ளைக்காரன் செய்தது, அதோடு இப்போது தங்கமாக வேறு மின்னியது.

கண்ணுக்குக் குளிர்ச்சி என்று, விடிகாலையில் பிள்ளையார் கோவில் நந்தவனத்துக்குப் போய்ப் பனி ஈரத்தோடு நந்தியாவட்டைப் பூப் பறித்து வருவது என் வேலையானது. மாமா கூடத்தில் மல்லாந்து படுத்திருப்பார். மூடிய கண்கள் மேல் நான் பூக்களை அடுக்குவேன். பூ வாடுகிற வரை அசையாமல் கிடப்பார். செத்த நேரம் என்று சொல்லித்தான் படுப்பார், அரை மணி நேரம் ஆகும். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பேன்.

பிறகு ஒன்று தொடங்கினார். இப்போதிருந்தே பழகிக்கொள்ள வேண்டும் என்று, ஸ்டுடியோவிலிருந்து வீட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். கை என் தோளில் இருக்கும். "படி மாமா." "சாக்கடை." "மாடு நிக்குது, இந்தப் பக்கம் வாங்க." பட்டறைகளில் பூட்டுக்கு அரம் போடுகிற சத்தம் கேட்டால் பாதி வழி வந்தாயிற்று. புகையிலைக் கிட்டங்கிக் காரல் மூக்கில் ஏறினால் வலது பக்கம் திரும்ப வேண்டும். எதிர்க்காற்றில் தோல் பதனிடுகிற ஷாப்பு நாற்றம் வந்தால் இருவரும் ஒன்றாக மூக்கைச் சுளிப்போம். தெருவில் போகிறவர்கள் "பாவம்" என்பார்கள்.

அந்த ஆறு மாசத்தில் என்னைத் தேடிய கை அது ஒன்றுதான். நான் இல்லாமல் அவரால் வீடு போய்ச் சேர முடியாது என்பது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் கண் சரியாக வேண்டும் என்று அத்தை என்னை மாரியம்மனிடம் வேண்டிக்கொள்ளச் சொன்னபோது, நான் வேண்டிக்கொள்ளவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தை மாதம் அவரும் அத்தையும் வெள்ளிக் கண்மலர் வாங்கி அம்மனுக்குச் சாத்தினார்கள். இனி கண்ணுக்குச் சிரமம் கொடுக்கமாட்டேன், கேமராவைத் தொடமாட்டேன், இருக்கிற பார்வையை மட்டும் காப்பாற்று என்று மாமா சத்தமாகவே வேண்டினார். அதற்கு முதல் நாள் கடைசியாக ஒரு படம் எடுத்தார். என்னை. ஒற்றைச் சடையில் டிசம்பர் பூ வைத்து, அந்த ஏரிக்கு முன்னால் நிற்கவைத்து எடுத்தார். கழுவிப் பார்த்தவர் கிழிக்கப் போனார். நான் அழுது வாங்கிக்கொண்டேன்.

மாசியில் அப்பா வந்து என்னைக் கூட்டிப்போனார். தம்பி பிறந்திருந்தான். பஸ் ஸ்டாண்டுக்கு மாமா வரவில்லை. வந்தால் திரும்பிப் போகத் துணை இல்லை என்றார் அத்தை.

மாமாவுக்குக் கண் போகவே இல்லை. அதற்குப் பிறகு முப்பது வருஷம் இருந்தார். பூட்டைத் தடவிப் பார்த்தே விற்கலாம், கண் போனாலும் பிழைப்பு ஓடும் என்று சொந்தக்காரர் ஒருவரின் பூட்டுக் கடையில் சேர்ந்தார். சாகிற நாள் காலையில்கூடக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பரை ஓரெழுத்து விடாமல் படித்தார். எல்லாம் அம்மன் காப்பாற்றியது என்றார்கள். அவரும் அப்படித்தான் நம்பினார். கல்யாண வீடுகளில் குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டால் எழுந்து பின்னால் போய்விடுவார்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்து திண்டுக்கல்லுக்கே வந்தேன். முப்பத்து மூன்று வருஷம் ஊர்பேர் தெரியாதவர்களின் குரல்களை ஒன்றோடொன்று சேர்த்துவைத்தேன். எனக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. அனுப்புவதற்கு என்னிடம் இருந்த படம் அந்த மங்கல் படம் ஒன்றுதான், அதனால்தான் என்று விளையாட்டாகச் சொல்வேன். பாதி நிஜம். வெளிச்சத்துக்குள் கரைந்து நிற்கிற அந்தப் பெண் யார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதைவிட நல்ல படம் எனக்கு அமையவில்லை.

கேமராவையும் லென்ஸையும் ரிப்பேருக்குக் கொடுத்தேன். கீழே செல்போன் கடை, மேலே ஓர் அறையில் பழைய கேமராக்கள் என்று வைத்திருக்கிற ஓர் இளைஞர். கரையான் தின்ற காலுக்குத் தச்சரிடம் வேம்பில் புதுக்கால் செய்து வாங்கினார். துருத்தியின் ஓட்டைகளைக் கறுப்புத் துணி வைத்து ஒட்டினார். உடைந்த பால்கண்ணாடிக்குப் பதில் சாதாரணக் கண்ணாடியை வெட்டி, மாவு போன்ற சாணைப்பொடியைப் போட்டு இரண்டு நாள் தேய்த்தே பால்கண்ணாடி ஆக்கினார். லென்ஸுக்கு மட்டும் நாள் ஆனது. ஒரு நாள் போன் செய்து நேரில் வரச் சொன்னார்.

"அம்மா, இது லேசுப்பட்ட லென்ஸ் இல்ல. இந்தப் பின்பக்க வளையம் இருக்குல்ல, இதை எத்தனை சுத்து தளர்த்துறோமோ அத்தனைக்குப் படம் பூ மாதிரி மங்கும். முழுசா முடுக்கிட்டா ஊசி மாதிரி தெளிவு. வேணும்னே அப்படிச் செஞ்சிருக்கான். இதைத் தேடி வெளிநாட்டுக்காரங்க அலையுறாங்க. நான் படத்துலதான் பாத்திருக்கேன்."

நான் எதிரிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"ஆனா இது கிட்டத்தட்ட மூணு சுத்து தளர்ந்தபடியே இறுகிக் கெடந்துச்சு. மரையில என்னமோ அடைச்சிக் கல்லாப் போயிருக்கு. எண்ணெய் விட்டு ஊறவச்சு ஊசியால நோண்டி எடுத்தேன். இந்தா பாருங்க."

ஒரு தாளில் கொட்டி வைத்திருந்தார். கறுத்த துகள். நடுவில் மெல்லிய நார். "புளி நாரு மாதிரி இருக்கு. லென்ஸுக்குள்ள புளி எப்படிம்மா வரும்?"

எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை.

"இது தளர்ந்து இருந்தா, படம் எடுக்கிறவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எப்படித் திருப்பினாலும் மங்கலாத்தான் தெரியும். வெவரம் தெரியாதவரா இருந்தா பாவம், கண் டாக்டர்கிட்டப் போயிருவாரு" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த நாரைத் தாளோடு மடித்து வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். நல்லது செய்ததாக நினைத்து விளக்கிய கை என்னுடையது. சரி, அது தெரியாமல் செய்தது. ஆனால் அவர் கேட்டாரே. ஊரில் அத்தனை பெரியவர்கள் இருக்க, நம்பி என்னை அழைத்துக் கேட்டாரே. டாக்டர் சொன்னதை நம்பாதவர் நான் சொன்னதை நம்பினார். சொல்லி மன்னிப்புக் கேட்க இப்போது அத்தைகூட இல்லை. போனை எடுத்தேன், யாருக்குப் போடுவது என்று தெரியாமல் கீழே வைத்தேன்.

போன வாரம் கேமரா வந்துவிட்டது. காலைப் பதினோரு மணி வெயில் கூடத்தில் விழும்போது அதை நிறுத்தினேன். எதிரில், அத்தை வீட்டிலிருந்து எடுத்துவந்த மாமாவின் பிரம்பு நாற்காலியைப் போட்டேன். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. பார்வையில் குறை ஒன்றும் இல்லை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். இந்த முறை ஸ்டூல் தேவைப்படவில்லை. நாற்காலி தலைகீழாகத் தொங்கியது. பின்னலில் பிரம்பு ஒவ்வொன்றையும் எண்ணலாம். ஒரு கையில் பிரிந்திருந்த நுனிகூடத் தெரிந்தது. நான் அதை விளக்குவதற்கு முன்னால் மாமா பத்து வருஷம் பார்த்தது இதைத்தான்.

வெளியே வந்து, லென்ஸைக் கழற்றி, பின்பக்க வளையத்தைத் தளர்த்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடி மாட்டிவிட்டுத் துணிக்குள் போனேன்.

நாற்காலியைச் சுற்றி வெளிச்சம் கசிந்தது. பின்னல் உருகியது. அதே அழகு. ஒன்பது வயதில் பார்த்தது அப்படியே இருந்தது. துணிக்கு வெளியே யாரும் இல்லை. இருந்தும் கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

"இல்ல மாமா" என்று சத்தமாகவே சொன்னேன். "தெளிவா இல்ல. எனக்கும் மங்கலாத்தான் தெரியுது."